எல்ஜி ஜி5, சாம்சங் எஸ்95எஃப், சோனி பிராவியா 8 மார்க் 2: உங்கள் ஹாலுக்கு எது?

திருச்சியில் புது ஃபிளாட், ஹால் 14க்கு 12 அடி, டிவி மாட்டப்போகும் சுவருக்கு நேர் எதிரே மேற்குப் பார்த்த பால்கனிக் கதவு என்று எழுதியிருக்கிறீர்கள். பகலில் அப்பா செய்தி சேனல் பார்ப்பார், சாயங்காலம் கேபிளில் பழைய படம். இரவு ஒன்பதுக்கு மேல் நீங்கள் ஓடிடியில் படம் பார்ப்பீர்கள். பையனிடம் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது, சவுண்ட்பார் ஏற்கெனவே வாங்கியாயிற்று. 65 அங்குலத்தில் எல்ஜி ஜி5, சாம்சங் எஸ்95எஃப், சோனி பிராவியா 8 மார்க் 2 ஆகிய மூன்றில் எது, அல்லது விலை குறைந்த எல்ஜி சி5 போதுமா என்பது உங்கள் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியபடியே அந்த ஹால் இருந்தால் ஜி5. பால்கனிக் கதவுக்குக் கனமான திரைச்சீலை போட்டுப் பகலிலும் இழுத்துவிட முடியும் என்றால் சோனி. அப்பாவின் செய்தி சேனலும் இதே டிவியில்தான் ஓடும், வேறு வழியே இல்லை என்றால் இந்த நான்கில் எதையும் வாங்க வேண்டாம். இந்த மூன்றாவது பதிலைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்கிறேன், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பேனல், அதாவது டிவியில் படம் தெரியும் தகடு. இந்த நான்குமே ஓஎல்இடி வகை, அது என்ன என்று கீழே சொல்கிறேன். கடையில் மூன்று பெயர்ப்பலகை தொங்கினாலும் இந்த வகைப் பெரிய ஓஎல்இடி பேனல்களைச் செய்து தருபவர்கள் இரண்டே பேர். ஒன்று எல்ஜி டிஸ்ப்ளே, இன்னொன்று சாம்சங் டிஸ்ப்ளே. இரண்டும் தென்கொரிய நிறுவனங்கள். சோனி இருவரிடமும் வாங்குகிறது. உலகத்தில் முதன்முதலில் ஓஎல்இடி டிவி விற்றது சோனிதான்: 2007இல், 11 அங்குலம். ஆனால் பெரிய திரைக்கு வந்தபோது, 2017இல், எல்ஜி டிஸ்ப்ளேயின் பேனலை வாங்கித்தான் டிவி செய்தார்கள். சாம்சங் 2013இல் ஒரு 55 அங்குல ஓஎல்இடியை விட்டுவிட்டு அந்தப் பக்கமே வராமல் இருந்தது. 2022இல் குவாண்டம் டாட் என்ற நுண்துகள்கள் கலந்த புதுவகைப் பேனலோடு திரும்பி வந்தது. உங்கள் பட்டியலில் ஜி5, சி5 இரண்டும் எல்ஜி முறை. சாம்சங் எஸ்95எஃப், சோனி பிராவியா 8 மார்க் 2 இரண்டும் சாம்சங் முறை. சாம்சங்கிலேயே எஸ்90 தொடர் வாங்கினால் அளவையும் நாட்டையும் பொறுத்து எந்த முறைப் பேனல் வரும் என்பது மாறும். அதனால் அதை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் பேனல் எது என்று கேட்டு உறுதிசெய்த பிறகே பேச்சைத் தொடருங்கள்.

ஓஎல்இடி என்றால் பின்னால் விளக்கு கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். 4கே திரையில் அப்படி 82,94,400 புள்ளிகள். இருட்டைக் காட்ட வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்தே போகும் என்பதால்தான் கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கிறது. இது இரண்டு முறைக்கும் பொது. எல்ஜி முறையில் உள்ளே பிறப்பது வெள்ளை ஒளி. அதற்கு முன்னால் சிவப்பு, பச்சை, நீலம் என்று வடிகட்டிகள். வடிகட்டும்போது வெளிச்சம் குறைந்துவிடுவதால், வடிகட்டியே இல்லாத நான்காவது வெள்ளைப் புள்ளி ஒன்றையும் பக்கத்தில் வைத்தார்கள். வெளிச்சம் கூடியது. ஆனால் மிகப் பிரகாசமான இடங்களில் நிறத்தோடு வெள்ளையும் கலந்து, பட்டுச் சிவப்பு கொஞ்சம் வெளுத்துத் தெரியும். ஜி5இல் இந்த அடுக்கையே மாற்றியிருக்கிறார்கள். நீலம் இரண்டு, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று என நான்கு ஒளிரும் அடுக்குகள். அதனால் வெளிச்சமும் கூடியது, நிறமும் முன்பைவிடத் தெளிந்தது. சி5இல் இந்தப் பேனல் இல்லை, பழைய வகைதான். விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இதற்குத்தான்.

சாம்சங் முறையில் பிறப்பது நீல ஒளி மட்டும். சிவப்பும் பச்சையும் வேண்டிய இடத்தில் குவாண்டம் டாட் துகள்கள் அந்த நீலத்தை வாங்கி நிறம் மாற்றித் தருகின்றன. வெள்ளைப் புள்ளி கலப்பே இல்லை. கோயில் திருவிழாக் காட்சியில் ஒரு சிவப்புக் குடை வெயிலில் பளீரென்று நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிவப்பு வெளிச்சமாகவும் இருக்கும், சிவப்பாகவும் இருக்கும். இதை நேரில் பார்த்தவர்களுக்கு ஆசை வருவது நியாயம். எனக்கும் வந்தது.

ஆனால் உங்கள் வீட்டில் மேற்குப் பார்த்த கதவு இருக்கிறது.

கடைக்குப் போனால் இதைச் செய்து பாருங்கள். டிவியை அணைக்கச் சொல்லுங்கள். ஃபோன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடியுங்கள். எல்ஜி முறைப் பேனல் மை ஊற்றியது போலக் கறுப்பாகவே இருக்கும். சாம்சங் முறைப் பேனல் சாம்பல் பூத்தாற்போல, லேசான ஊதாச் சாயலோடு வெளுக்கும். எல்ஜி முறையில் வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தை விழுங்கும் போலரைசர் என்ற படலம் உண்டு, சாம்சங் முறையில் அது கிடையாது. அந்தப் படலத்தை எடுத்ததால் உள்ளிருந்து வரும் ஒளி முழுதாக வெளியே வருகிறது, வெளி ஒளியும் தாராளமாக உள்ளே போய்த் திரும்புகிறது. இருட்டு அறையில் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. சாயங்காலம் நாலரை மணிக்கு உங்கள் ஹாலில், வெயில் தரையில் படுத்திருக்கும் நேரத்தில், கறுப்புக்காகவே கொடுத்த பணம் கண்முன்னே வெளுத்துக்கொண்டிருக்கும்.

சாம்சங் இதைத் தெரிந்துதான் 2024 முதல் தன் உச்ச மாடலுக்குப் பளபளப்பில்லாத மேட் திரை போடுகிறது. அது இன்னொரு சிக்கலுக்கு மருந்து. பளபளப்புத் திரையில் டியூப்லைட் ஒரு வெள்ளைக் கோடாக அப்படியே நிற்கும், எதிரே வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்தால் நம் உருவமே தெரியும். எஸ்95எஃப்பில் அந்தக் கோடும் உருவமும் காணாமல் போய்விடும், அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அந்த வெளிச்சம் மறைந்துவிடுவதில்லை, திரையில் பரவி மெல்லிய மூட்டமாகப் படர்கிறது. பிம்பம் தெரியாது, கறுப்பு ஆழம் குறையும். விளையாட்டு, செய்தி, கார்ட்டூன் என்று பகலில் வெளிச்சமான காட்சிகளையே பார்க்கும் வீட்டுக்கு இது நல்ல பேரம். நிழலும் இருட்டுமாக எடுத்த படத்தை மாலையில் பார்ப்பவருக்கு இல்லை. சோனியில் மேட் திரையும் கிடையாது, போலரைசரும் கிடையாது. ஆகவே உங்கள் ஹாலில், கதவுக்குத் திரைச்சீலை போடாத பகலில், மூன்றில் கடைசி இடம் சோனிக்கு.

ஜி5 கறுப்பையும் காப்பாற்றுகிறது, வெளிச்சத்திலும் குறைவில்லை. சின்னப் பகுதிகளில் உச்ச வெளிச்சம் 2000 நிட்டைத் தாண்டும் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு). எஸ்95எஃப்பும் அதே அளவுக்கு வரும். சோனி அதற்குச் சற்றுக் கீழே. சி5 சுமார் 1100, 1200. இந்த எண்களைக் கடையில் மந்திரம் போல ஓதுவார்கள். இவை திரையில் ஒரு சிறு பகுதி மட்டும் எரியும்போது வரும் எண்கள். கிரிக்கெட் மைதானம், பனிமலை என்று திரை முழுக்க வெளிச்சமானால் எந்த ஓஎல்இடியும் தன்னைத் தானே தணித்துக்கொள்ளும், சில நூறு நிட்டுக்கு இறங்கிவிடும். அங்கேயும் ஜி5 மோசமில்லை. அதற்காக வெயில் ஹாலில், பின்னால் சின்னச் சின்ன விளக்குகள் உள்ள நல்ல மினி எல்இடி டிவியோடு இது போட்டி போடும் என்று நினைக்க வேண்டாம்.

இனி இரவு. விளக்கணைத்த ஹாலில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒழிய பெரும்பாலோருக்கு வித்தியாசம் பிடிபடாது. இதைச் சொன்னால் விற்பவர்களுக்குப் பிடிக்காது, ஆனால் அதுதான் உண்மை. இந்த விலையில் மூன்றுமே பிரமாதம். மிஞ்சி நிற்கும் வித்தியாசம் பேனலில் இல்லை, படத்தைப் பதப்படுத்தும் சிப்பில். அங்கே நான் சோனிக்குத்தான் கை தூக்குவேன். ஓடிடியில் வரும் படம் எவ்வளவு 4கே என்றாலும் சுருக்கி அனுப்பப்பட்டதுதான். இருட்டான அறையில் ஒரு முகத்தில் விளக்கு வெளிச்சம் மெல்ல மங்கும் காட்சியில், சில டிவிகளில் அந்த மங்கல் வழுக்கிக்கொண்டு போகாமல் படிக்கட்டு போல வளையம் வளையமாகத் தெரியும். அதை மெழுகிவிடுவதில் சோனி கெட்டி. தோலின் நிறமும் அப்படியே. மாநிறமான முகத்தைச் சிவப்பேற்றாமல், மஞ்சள் பூசாமல் காட்டுவது எல்லா டிவிக்கும் கைவந்த கலை இல்லை.

இன்னொன்று, கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும் காட்சி. சினிமா நொடிக்கு 24 படம். ஓஎல்இடி புள்ளிகள் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் மிகக் குறைவான நேரத்தில் மாறிவிடுவதால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பழைய எல்சிடியில் இருந்த இழுவை இதில் இல்லை. விளைவு, காட்சி தத்தித் தத்திப் போவது போலிருக்கும். புது டிவி வாங்கியவர்கள் முதல் வாரத்தில் பழுது என்று நினைத்துப் பதறுவது இதற்குத்தான். அசைவை மெழுகிக் காட்டும் மோஷன் செட்டிங்கை முழுக்க ஏற்றினால் சரியாகும், ஆனால் சினிமா சீரியல் போல ஆகிவிடும். கொஞ்சமாக, ஒன்றோ இரண்டோ படி மட்டும் வையுங்கள். இந்தக் கொஞ்சத்தைச் செயற்கை தெரியாமல் செய்வதிலும் சோனியே முன்னால். எல்ஜியில் சினிமாட்டிக் மூவ்மென்ட் என்ற தேர்வு போதுமானது.

கேபிள் விஷயத்தை யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. செட் டாப் பாக்ஸில் வரும் சாதாரண எஸ்டி சேனல் 576 வரிகள்தான். அதை 2160 வரித் திரைக்கு இழுத்தால் எவ்வளவு விலையுள்ள டிவியானாலும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் பஞ்சு பஞ்சாகத்தான் இருக்கும். சோனியில் பஞ்சு கொஞ்சம் குறையும். ஆனால் அதற்காக ஒரு டிவியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எச்டி பேக் போட்டுக்கொள்வது மலிவு, பலனும் அதிகம்.

வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் படங்களுக்கு எச்டிஆர் என்று பெயர். எச்டிஆர்10 அதன் சாதாரண முறை; டால்பி விஷனும் எச்டிஆர்10 பிளஸும் காட்சிக்குக் காட்சி திருத்திக்கொள்ளும் மேம்பட்ட முறைகள். டால்பி விஷன் சாம்சங்கில் கிடையாது. எச்டிஆர்10 பிளஸ்தான். எல்ஜியில் நேர்மாறு: டால்பி விஷன் உண்டு, எச்டிஆர்10 பிளஸ் இல்லை. சோனியிலும் டால்பி விஷன் உண்டு. பிரைம் வீடியோ முன்பிருந்தே எச்டிஆர்10 பிளஸ் தருகிறது. நெட்ஃபிளிக்ஸ் 2025இல்தான் அதைச் சேர்த்தது, அதுவரை இந்த இரண்டில் டால்பி விஷன் மட்டும். இவ்வளவு வெளிச்சமுள்ள டிவியில் சாதாரண எச்டிஆர்10கூட நன்றாகவே இருக்கும் என்பதால், இது ஒன்றுக்காக நான் சாம்சங்கைத் தள்ளமாட்டேன். எடை சமமாக இருக்கும்போது ஒரு பக்கம் சாய்க்கும், அவ்வளவே.

ஒலியில் கவனிக்க வேண்டியது டிடிஎஸ் என்ற ஒலி முறை. பென்டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ படம் வைத்துப் பார்ப்பவர் என்றால், படம் ஓடும், சத்தம் வராது என்ற புகாரை எங்காவது கேட்டிருப்பீர்கள். சாம்சங் 2018இலிருந்தே டிடிஎஸ்ஸை விட்டுவிட்டது. எல்ஜி 2020இல் விட்டு, 2023இல் திரும்பச் சேர்த்து, 2025 மாடல்களில் மறுபடி எடுத்துவிட்டது. சோனியில் இருக்கிறது. ஓடிடி மட்டும் பார்ப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

பையனின் பிளேஸ்டேஷனுக்கு வருவோம். 4கேயில் நொடிக்கு 120 படம் ஓட எச்டிஎம்ஐ 2.1 துளை வேண்டும். எல்ஜியிலும் சாம்சங்கிலும் நான்கு துளையும் அந்த வகை. சோனியில் நான்கில் இரண்டுதான், அந்த இரண்டில் ஒன்றுதான் சவுண்ட்பார் மாட்டும் இஏஆர்சி துளை. உங்களிடம் சவுண்ட்பார் ஒன்று, பிளேஸ்டேஷன் ஒன்று. கணக்கு சரியாக முடிந்துவிடுகிறது. செட் டாப் பாக்ஸ் சாதாரணத் துளைக்குப் போகட்டும். நாளை இன்னொரு கேம் பெட்டி வந்தால்தான் இடம் இருக்காது. எல்ஜியும் சாம்சங்கும் 165 ஹெர்ட்ஸ் என்று விளம்பரம் செய்வது கம்ப்யூட்டரில் விளையாடுபவர்களுக்கு. பிளேஸ்டேஷனுக்கு 120தான் எல்லை, அதனால் அந்த எண்ணுக்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்க வேண்டாம்.

இப்போது அப்பாவின் செய்தி சேனல்.

என் உறவினர் வீட்டில் ஓர் ஓஎல்இடி இருக்கிறது. வாங்கி மூன்று வருடம் ஆகியிருக்கும். போன பொங்கலுக்குப் போனபோது, படம் நன்றாகத்தான் ஓடுகிறது, சில சமயம் மட்டும் கீழே ஏதோ அழுக்கு தெரிகிறது, துடைத்தாலும் போகவில்லை என்றார்கள். யூடியூபில் முழுச் சிவப்புத் திரை ஒன்றைப் போட்டுக் காட்டினேன். கீழே நீளமாக ஒரு பட்டை, வலது மேல்மூலையில் சேனல் முத்திரையின் வட்டம், அதற்குள் எழுத்தின் வளைவுகூடத் தெரிந்தது. அந்த வீட்டுப் பெரியவர் காலை ஆறரைக்குச் செய்தியைப் போட்டால் குளிக்கப் போகும்போதும் அணைக்கமாட்டார். அவர் திரையை நெருங்கி வந்து அந்த வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. டிவி என்பது பார்ப்பதற்குத்தானே. வாங்கித் தந்தவர்கள் யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பர்ன்-இன் என்று இதைச் சொல்வார்கள். திரையில் எதுவும் எரிந்துபோவதில்லை. ஒளி தரும் கரிமப் பொருள் எரிய எரியத் தேயும், நீலம் மற்றவற்றைவிட வேகமாகத் தேயும். எல்லாப் புள்ளியும் சமமாகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே இடத்தில் பிரகாசமான பட்டை தினமும் ஐந்து மணி நேரம் நின்றால் அந்த இடம் மட்டும் முன்னால் தேய்ந்து தழும்பாகிவிடும். நம் செய்தி சேனல்களைப் பாருங்கள்: கீழே சிவப்புப் பட்டை, அதற்குக் கீழே ஓடும் எழுத்து, மூலையில் முத்திரை, பக்கத்தில் மணியும் தேதியும், நாள் முழுக்க இம்மியும் அசையாமல். இதைவிடக் கடுமையான சோதனையை ஓஎல்இடிக்கு வைக்க முடியாது. பெரும்பாலான வாரன்டிகளில் இந்தத் தழும்பு சேராது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

உறவினர் வீட்டில் இன்னொரு காரணமும் இருந்தது, அது நம் எல்லோர் வீட்டிலும் இருப்பது. இரவு படுக்கப் போகும்போது சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். கரண்ட் மிச்சம், இடி மின்னலுக்குப் பாதுகாப்பு என்ற நல்ல பழக்கம்தான். ஆனால் ஓஎல்இடி டிவி, மொத்தம் நான்கு மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்ததும், சில நிமிடம் தனக்குள் ஒரு பராமரிப்பு வேலையைச் செய்யும். எந்தப் புள்ளி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அளந்து, அதற்கேற்ப மின்சாரத்தைத் திருத்திக்கொள்ளும். சுமார் 2000 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேர நீண்ட வேலையும் உண்டு. ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் சுவிட்சையும் தட்டிவிட்டால் இது நடக்கவே நடக்காது. மாதக் கணக்கில் நடக்காமல் இருந்தால் தழும்பு சீக்கிரம் விழும். ஆகவே டிவிக்குத் தனி சுவிட்ச், அதை யாரும் தொடக்கூடாது. மின்னலுக்குப் பயம் இருந்தால் நல்ல சர்ஜ் புரொடெக்டர் போடுங்கள், எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் பாருங்கள், பெரிய இடி மழை வரும் நாளில் மட்டும் கேபிள் ஒயரையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் என்று தனி ஸ்டெபிலைசரைக் கடையில் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். இந்த டிவிகள் சுமார் 110 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. உங்கள் பகுதியில் 240ஐத் தாண்டும் கோளாறு அடிக்கடி வந்தால் ஒழியத் தேவையில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: உங்களிடம் இருக்கும் பழைய 43 அங்குல டிவியை விற்காதீர்கள். அதை அப்பாவின் அறையிலோ சாப்பாட்டு மேசைக்கு எதிரிலோ மாட்டி, செட் டாப் பாக்ஸையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள். அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியாது, விருப்பப்படி நாள் முழுக்க ஓட்டலாம். சாயங்காலப் படத்துக்கு ஹாலுக்கு வரட்டும். வீட்டில் அதற்கு இடமே இல்லை என்றால், ஓஎல்இடி ஆசையைத் தள்ளிவைத்து நல்ல மினி எல்இடி ஒன்று வாங்குங்கள். பின்னால் விளக்குள்ள டிவி அது. உங்கள் மேற்கு வெயிலுக்கும் தாங்கும், முத்திரைத் தழும்புக் கவலையும் இல்லை. கறுப்பு இவ்வளவு ஆழமாக இராது. புதுத் திரையில் ஒரு சின்ன வட்டம் விழுந்துவிடுமோ என்று அப்பாவிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்கும் வீடாக உங்கள் வீடு ஆகவேண்டாம்.

சி5 போதுமா? பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, பெரும்பாலும் இரவில்தான் படம் என்றால் தாராளமாகப் போதும். டால்பி விஷன், நான்கு எச்டிஎம்ஐ 2.1 துளை எல்லாம் அதிலும் உண்டு. குறைவது வெளிச்சமும் நிறத் தெளிவும்தான். நீங்கள் ஒன்பதடி தள்ளி உட்காரப்போவதாகச் சொல்கிறீர்கள். அந்தத் தூரத்துக்கு 65 அங்குலம் குறைந்தபட்ச அளவு, 77 இருந்தால் சினிமா பார்க்கும் உணர்வு வரும். அதனால் 65 ஜி5 விலையைக் கேட்கும்போதே 77 சி5 விலையையும் கேட்டு வையுங்கள். என்னைக் கேட்டால், இருட்டாக்க முடிந்த ஹாலில் கூடுதல் வெளிச்சத்தைவிடக் கூடுதல் அளவுதான் தினமும் சந்தோஷம் தரும். 77 அங்குலம் என்றால் அகலம் 170 சென்டிமீட்டர், சுவரில் செய்தித்தாளை ஒட்டி அளவு பார்த்துக்கொள்ளுங்கள். சோனி பிராவியா 8 மார்க் 2 எப்படியும் 55, 65 இரண்டு அளவில்தான் வருகிறது. எங்காவது 2024இன் ஜி4 பெட்டி பிரிக்காமல் மிச்சமிருந்தால் அதையும் பாருங்கள். சி5ஐவிட வெளிச்சம் அதிகம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலைக் காட்டித் தள்ளுபடி என்று சொன்னால், அதில் எவ்வளவு வரிக்குறைப்பு, எவ்வளவு கடைக்காரர் தருவது என்று பிரித்துக் கேளுங்கள்.

கடையில் பார்க்கும்போது அவர்கள் ஓட்டும் டெமோ வீடியோவை நம்பாதீர்கள். எல்லா டிவியும் நிறத்தை மிகைப்படுத்தும் விவிட் மோடில் இருக்கும், அதில் எல்லாமே பிரமாதம். ஃபிலிம்மேக்கர் அல்லது சினிமா மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள், சோனியில் அது புரொஃபஷனல். உங்களுக்கு மனப்பாடமான ஒரு படத்தை ஓடிடியில் போட்டு, ஒரு இருட்டுக் காட்சி, ஒரு முகம், கேமரா நகரும் ஒரு காட்சி ஆகிய மூன்றை மட்டும் ஒவ்வொரு டிவியிலும் பாருங்கள். வாரநாள் காலையில் கூட்டமில்லாதபோது போனால் மேலே உள்ள விளக்குகளை அணைத்துக் காட்டுவார்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், இவ்வளவு பணம் கொடுக்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்த அன்று, மாட்ட வந்தவர்கள் கிளம்புவதற்கு முன் இரண்டு வேலை. பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடுவில் பிடித்துத் தூக்க விடாதீர்கள், இந்தப் பேனல்கள் கண்ணாடித் தகடு மாதிரி. ஜி5ஐச் சுவரோடு ஒட்டி மாட்டுவார்கள். அதற்கு முன்பே எல்லா எச்டிஎம்ஐ ஒயரையும் செருகிவிடுங்கள், பிறகு கை நுழையாது. மாட்டி முடித்ததும் ஹாலை இருட்டாக்கி, பென்டிரைவில் வைத்திருக்கும் முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்றைப் போடுங்கள், 5 சதவீத வெளிச்சத்தில் ஒன்று, 50இல் ஒன்று. அடர் சாம்பலில் நெடுக மெல்லிய கோடுகள் தெரிவது ஓஎல்இடியின் இயல்பு. படம் ஓடும்போது தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், நூறு மணி நேரத்தில் கொஞ்சம் மறையவும் செய்யும். ஒரு ஓரம் முழுக்க இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ இருந்தாலும், எரியாத புள்ளி நடுவில் தெரிந்தாலும் உடனே ஃபோனில் படமெடுத்து, அன்றே கடைக்கு அனுப்பி, மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றித் தரும் கெடு எத்தனை நாள் என்பதைப் பில் போடும்போதே எழுதி வாங்கியிருங்கள்.